எருக்குழிக்குப் போய் வந்த ஹீட்டர்

அடி அண்ணாமலை
22-2-1964

சிரஞ்சீவி ராஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் உன் அப்பாவும் அக்கா குடும்பமும் மாடு கன்றும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போன வாரம் வந்த உன் கடிதம் சொல்கிறது, ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியது நீ இல்லை. வேலை ஜாஸ்தி, அதனால் கூட இருக்கிற கபாலி என்கிற வேலூர்ப் பக்கத்து ஆளை விட்டு எழுதச் சொன்னேன் என்று போட்டிருக்கிறாய். எழுத நேரமில்லாதவனுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து சொல்ல மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? நடுவில் ஒரு இடத்தில், வண்டியில் ஹீட்டர் காத்தாடி நின்று ஒரு மாசமாகிறது, முன் கண்ணாடியில் பனி உறைந்து போகிறது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன், வலது கை விரல் ரெண்டு கொஞ்சம் மரத்துப் போயிருக்கிறது என்று, செருப்பு வார் அறுந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறாய். கொஞ்சமாம். பேனா பிடிக்க முடியாத விரலுக்குக் கொஞ்சம் என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? பஞ்சாப் மலையில் ரோடு போடுகிற உன் காண்டிராக்டர் மகராசன், டிரைவருக்குச் சூடு காட்டினால் தூங்கிவிடுவான், ஹீட்டர் எதற்கு என்று சொன்னாராமே, அவர் காலடியில் கரியடுப்பு இல்லாமல் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல். அவர் சொன்னார் என்று கேட்டுக்கொண்டு வந்தாயே, அப்பாவும் நானும் சொன்னதில் ஒரு வார்த்தையாவது அப்படிக் கேட்டதுண்டா நீ.

இங்கே நம் வண்டிக்கும் அதே வியாதிதான், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். போன ஆனியில் உன் அப்பா மெட்ராஸ் மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தார், பூக்கூடை ஏற்றி டவுனுக்குப் போக என்று எழுதியிருந்தேனே, அது முன்னே ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் ஓடின வண்டியாம். முன்னால் இடது பக்கம் காலுக்கு மேலே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அது என்ன என்று ஊரில் ஒருவனுக்கும் தெரியவில்லை, ஆனால் தெரியாது என்று ஒருவனும் சொல்லவில்லை. உன் அக்கா புருஷன் அப்பாசாமி, ‘மாமா, இது ரேடியோ, ஏரியல் வச்சா சிலோன் எடுக்கும்’னு மூன்று நாள் கம்பி கட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு ஆயுத பூஜை வந்தது. கண்ணாடிக்குக் கீழே காற்று போக ஒரு சல்லடை வைத்திருக்கிறானே, மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, ஊரில் யார் வண்டிக்கும் இல்லாத சிறப்பாக இருக்கட்டும் என்று விபூதி, குங்குமம், பொரி, கடலை எல்லாவற்றையும் அதிலேயே கை கையாகப் போட்டார். வண்டிக்கு வாய் இருக்கிறது, ஊட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அது அத்தனையும் தகரப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது, பொரி வாசனைக்கு எலியும் குடிவந்தது. தைப்பூசத்தன்று சம்பந்தி ஜோதியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். புழுக்கமாக இருக்கிறது என்று அவள் சொல்ல, மாப்பிள்ளை, ‘இருங்கம்மா, காத்தாடி போடறேன்’னு பெட்டியில் இருந்த பித்தானைத் திருப்பினார். நாலு மாசத்துப் பொரியும் விபூதியும் எலிப் புழுக்கையும் அனல் காற்றோடு அந்த அம்மாள் முகத்தில் வந்து அடித்தது. அன்றைக்குப் போனவள் இன்னும் நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஹீட்டரால் எனக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான்.

அதற்கப்புறம் காத்தாடி கிறீச்சென்று கத்தி நின்றுவிட்டது. செங்கம் ரோட்டு மெக்கானிக் சுப்பிரமணி வந்தார், இதெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்றார், சுடச்சுட ஓடிவந்த இஞ்சினிலிருந்து எடுத்த எடுப்பில் ரப்பர் குழாயைப் பிடுங்கினார், கொதிக்கிற தண்ணீர் அத்தனையும் அவர் பாதத்தில் கொட்டியது. எட்டு நாள் நொண்டினார். அவரைக் கூட்டி வந்ததற்கு உன் அப்பாவை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவரே குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, மோட்டாரை மட்டும் காத்தாடியோடு கழற்றி, ‘நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் ஒண்ணுதான் கொறைச்சல்’னு சொல்லிக்கொண்டே எருக்குழியில் வீசினார். அது நடந்த ஐந்தாம் நாள் உன் கடிதம் வந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாசித்துக் காட்டினேன். ஹீட்டர் நின்ற இடம் வந்ததும் கை நின்றது. கேட்காமல் கொள்ளாமல் பஞ்சாப் மலைக்கு ஓடினவன் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன் என்று சபதம் போட்டவர் அல்லவா, அது கெடாமல் இருக்க எழுந்து போய்விட்டார். போனவர் எருக்குழியில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

இனி வருவது அவர் சொன்னது. எனக்குச் சொன்னதாக நினைக்காதே, மாட்டுக்குச் சொல்வது போலச் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். ‘அங்க வண்டி ஓட்டறவன் எவனா இருந்தாலும் மொதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும்’னார். இரண்டு ரப்பர் குழாயையும் தொடவே கூடாது, காத்தாடியை எடுக்கத் தண்ணீரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை, அது சுப்பிரமணி வைத்தியம். தகரப் பெட்டியில் மோட்டாரைப் பிடித்திருக்கிற மூன்று திருகை எடுப்பதற்கு முன் ஆணியால் ஒரு கோடு கிழித்துவிடு, திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேர வேண்டும். நேராக இழுத்தால் காத்தாடியோடு வந்துவிடும், தகடு வளையக் கூடாது. காத்தாடி நடுவில் இருக்கிற சின்னத் திருகு துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு அரை நாள் சும்மா இரு, பலம் காட்டாதே. நின்றுபோன காத்தாடி ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் ஓடிப் பிறகு நிற்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது மோட்டாருக்குள் செம்பு உருளையை உரசிக் கரண்டு கொடுக்கிற கார்பன் கட்டி தேய்ந்ததற்கு அடையாளமாம், நம்முடையதிலும் பொரியை வழித்து எடுத்த பிறகு பார்த்தால் கார்பன் நகம் அளவுதான் இருந்தது. கார்பனை எடுக்கும்போது ஸ்பிரிங்கை விரலால் அழுத்திக்கொள், உன் அப்பா அழுத்தவில்லை, அது பறந்து போய்க் கனகாம்பரக் கூடையில் விழுந்தது, ஒரு கூடைப் பூவையும் நான் உதறித் தேடினேன். செம்பு உருளையை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடுக்கில் இருக்கிற கரியை ஊசியால் எடு. அச்சின் இரண்டு முனையிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், கார்பன் மேல் எண்ணெய் படக் கூடாது. மாட்டுவதற்கு முன் பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடு. பழைய டைனமோ கார்பனை அறுத்து அரத்தால் ராவி, நம்முடையதற்கு ஒன்று போட்டது போக உனக்கு இரண்டு ஜோடி செய்திருக்கிறார், தடிமன் தெரியாததால் ஒரு ஜோடி கொஞ்சம் பருமன், நீ தேய்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தோடு பார்சலும் போடுகிறேன். அதில் விபூதிப் பொட்டலமும் இருக்கிறது, அது உன் நெற்றிக்கு, வண்டிக்கு இல்லை.

நேற்று உச்சி வேளையில் வண்டிக்குள் உன் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார், கண்ணாடி எல்லாம் ஏற்றி, இஞ்சினைப் போட்டு, ஹீட்டரும் ஓடுகிறது. மாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று சிரிக்கிறார்கள், மாப்பிள்ளை கேட்கவே வேண்டாம். நான் போய்க் கண்ணாடியைத் தட்டி, ‘இன்னாய்யா, புத்தி கெட்டுப் போச்சா’ன்னேன். வியர்வை தாடையில் சொட்டுகிறது, ‘அரை மணி நேரம் நிக்காம ஓடுதான்னு பார்க்கறேன், நீ போ’ன்னார். முப்பது வருஷமாக இந்த ஆளோடு சண்டை போடுகிறவள், நேற்று ஒரு செம்பு மோரைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது ராஜேந்திரா. விரலைப் பற்றி டவுன் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டேன், நெருப்பில் காட்டவே கூடாது, தேய்க்கவும் கூடாது, தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றார். கறுத்திருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று மறைக்காமல் எழுது. டாக்டரிடம் காட்டாமல் அந்த வண்டியில் நீ ஏறக் கூடாது. காண்டிராக்டர் முகம் கோணினால் கோணட்டும், அவர் வீட்டில் உனக்கு இன்னொரு விரல் வைத்திருக்கவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டேன். உன் கடிதத்தை வாசிக்கும்போது கபாலி எழுதினது என்கிற வரியை நான் முழுங்கிவிட்டேன். உன் அப்பாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது, தெரியவா போகிறது என்று நினைத்தேன். அவர் எருக்குழியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து, கடுதாசியைக் கொடு என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ‘இது அவன் எழுத்து இல்லியே, கையில இன்னா ஆச்சு’ன்னார். இரண்டு வருஷமாக உன் ஒவ்வொரு கடிதத்தையும் எனக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சபதக்காரர்.

மலையும் சாமியும் உன் கையைக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா பொன்னி

பதில் ஒரே வரியானாலும் போதும், கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, உன் கையால் எழுது. உறை மேல் விலாசத்தில் தசரதன் என்று அப்பா பெயரைப் போடு. தபால்காரரிடமிருந்து வாங்கியதும் அவர் பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.