விண்ணப்பத்தில் எழுதிய விசில்

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

மாலைக் கல்லூரியில் கணக்குப் படிக்க இடம் கேட்டேன் அல்லவா? கிடைத்தால் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற என்னை பில் மேசைக்கு மாற்றுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். ஆனால் விண்ணப்பத்தோடு என் பொழுதுபோக்கைப் பற்றிக் கட்டுரை வேண்டுமாம். பூஜை என்று எழுதிக்கொண்டு போனேன். கல்லூரி அலுவலகத்து அம்மா, "அது பக்திம்மா" என்று திருப்பித் தந்தார். வீட்டுக் கணக்கு எழுதுவது என்று மாற்றிக் கொடுத்தேன்.

"அது வேலைம்மா. உங்க சந்தோஷத்துக்குன்னு என்ன செய்வீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பம் நடத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

என்னோடு அறையில் இருக்கும் தையல்காரிக்கு ஒரே சிரிப்பு. "பாத்திரம் கழுவுறப்போ சாமி பாட்டை விசிலடிக்கிறீங்களேக்கா, அதை எழுதுங்க."

"விசிலடிக்கிற பொம்பளைக்கு எவன்டி சீட்டு குடுப்பான்?"

இன்று கடைசி நாள். எரிச்சலோடு அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ. அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வையுங்கள்; புதியது காதை அறுக்கிறது.

கட்டுரையில் நீங்களும் வருகிறீர்கள். அடுப்படியில் நான் விசிலடித்தால் கூடத்திலிருந்து "குக்கரா, நீயா?" என்பீர்களே, அதையும் எழுதினேன். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் விசிலடிக்கிறேன். ஒருமுறை அப்படிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி