பதினொன்றாவது பாட்டு

விழுப்புரம்
தாது வருஷம் வைகாசி 8

சிரஞ்சீவி விருத்தாசலத்துக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன், எவ்வளவு க்ஷேமம் என்பது மேலே படித்தால் விளங்கும். ரங்கூனில் நீயும், உன் அரிசி மில்லும், உனக்கு லீவு கொடுக்க மனசே வராத அந்தத் துரையும் சுகமாக இருக்க அபிராமேசுவரரைக் கேட்டுக்கொள்கிறேன். நீ இல்லாவிட்டால் மில்லில் ஒரு மூட்டை நகராது என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாய். நீ போகிறதற்கு முன்னால் பர்மாவில் நெல்லே விளையவில்லை போலிருக்கிறது.

உன் கடிதம் வந்தது. அம்மா திங்கட்கிழமை தவறாமல் திருவாமாத்தூர் போய்ப் பதிகம் பாடுகிறாளே, பதிகம் என்றால் என்ன அர்த்தம், அதைப் பாடி என்ன பிரயோஜனம், பகுத்தறிந்து பதில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். உன்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தது வீண்போகவில்லை. அர்த்தம் எனக்கும் தெரியாது, ஆகையால் கோயில் ஓதுவாரைக் கேட்டேன். மனுஷர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சாமி மேல் பத்துப் பாட்டாகச் சேர்த்துப் பாடினது பதிகம், பத்து என்கிறதிலிருந்து வந்த பேர் என்றார். பதினொன்று இருக்கிறதே என்றேன். கடைசிப் பாட்டு அந்தப் பத்தில் சேராதாம். பாடினவர் அதில் தன் பேரைச் சொல்லி, இந்தப் பத்தையும் பாடுகிறவர்களுக்கு இன்ன நன்மை வரும் என்று உறுதி சொல்வாராம். ஆக, அர்த்தம் முடிந்தது. பிரயோஜனத்தை உன் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீ கப்பலேறின நாள் முதல் அவள் பத்துப் பாட்டோடு நிறுத்திவிடுகிறாள். பத்தாவது முடிந்ததும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். ஓதுவார் பதறிப்போய், "கடைசிப் பாட்ட வுட்டா குறையாப் பூடும்மா" என்றாராம். அதற்கு இவள், "நல்லது வரும்னு சொல்ற பாட்டுதானே ஐயா அது? எம்புள்ள வந்து எதிர்ல நிக்கட்டும், பாடறேன். அதுவரைக்கும் அவரு காத்துக்கினு இருக்கட்டும்" என்றாளாம். அவர் என்றது ஈசுவரனை. ஊருக்கெல்லாம் படியளக்கிறவருக்கு நம் வீட்டுத் தையல்நாயகி கண்டிஷன் போட்டிருக்கிறாள். நான் சிரித்தேன், கோயிலுக்கு வரும் பெண்டுகள் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று வெள்ளையம்மாள் பத்தோடு நிறுத்தினாள், எருமை சினைப்படவில்லை என்று வீரம்மாள் நிறுத்தினாள், கொஞ்ச நாளில் மண்டபமே பத்தோடு எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டது. ஓதுவார் மட்டும் சாமி கோபித்துக்கொள்ளுமே என்று பதினொன்றைத் தனியாகப் பாடிவிட்டு வீட்டுக்குப் போவார். வெள்ளையம்மாள் பெண்ணுக்கு அனந்தபுரத்தில் இடம் அமைந்து, அவள் போன மாதம் கடைசிப் பாட்டைக் கண்ணீரோடு பாடி முடித்தாள். வீரம்மாளும் பாடிவிட்டாள், எருமை சினையாக இருக்கிறது. நீதான் பாக்கி. எருமைக்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை, அதனால் உன்னையும் குற்றம் சொல்வதற்கில்லை.

இனி க்ஷேமத்துக்கு வருகிறேன். அம்மாவின் கழுத்தில் கழலை கண்டிருக்கிறது. திண்டிவனத்தில் உன் தங்கை அம்சவள்ளி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் காட்டினாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தாக வேண்டும், ஆடியைத் தாண்டினால் மூச்சை அடைக்கும் என்கிறார். அறுத்தால் உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்ப வருமா என்பதைத்தான் சொல்ல முடியாதாம். உன் அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "அறுத்துக்கறேன், கடைசிப் பாட்டைப் பாடிட்டு அறுத்துக்கறேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். சரி, இன்றைக்கே பாடித் தொலை என்றேன். "புள்ள வராம எப்படிங்க பாடறது, சாமி எதிர்ல பொய் சொல்லச் சொல்றீங்களா" என்று என்னைக் கேட்கிறாள். அவளுக்கும் ஈசுவரனுக்கும் வீம்பு, நடுவில் உன் துரை, கழுத்து மட்டும் அவளுடையது. எனக்குப் பயமாக இருக்கிறது, விருத்தாசலம்.

போன திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ஆறாவது பாட்டிலேயே குரல் கம்மிப்போய்விட்டது, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. வெள்ளையம்மாள் எடுத்துக்கொண்டாள், வீரம்மாள் சேர்ந்துகொண்டாள். கேட்டது கிடைத்தவர்கள், அவர்கள் இனிமேல் பதினொன்றையும் தாராளமாகப் பாடலாம், பாடவில்லை. பத்தோடு நிறுத்திவிட்டு உன் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓதுவாரைப் பார்த்தேன், அவரும் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று வெளியில் வந்து கேட்டேன். "புள்ள வரட்டுங்க, அம்மாவே பாடட்டும்" என்றார். பிரயோஜனம் கேட்டாயே, நான் கண்ட பிரயோஜனம் இவ்வளவுதான். போதாது என்றால் நேரில் வந்து பகுத்தறிந்துகொள்.

கடிதம் கண்டதும் புறப்படு, எந்தக் கப்பல் என்று தந்தி அடி. துரை லீவு தராவிட்டால் அப்பா செத்துப்போனார் என்று சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. கப்பலில் மேல்தட்டு வெயிலில் படுத்துக் காய்ச்சலை இழுத்துக்கொள்ளாதே. கழலை விஷயம் உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஆகையால் தற்செயலாக லீவு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வா. தீர்க்காயுசோடு இரு, நல்லபடியாக வந்து சேர்.

மறக்காமல் ஒன்று. பதினொன்றாவது பாட்டை ஓதுவார் சொல்லச் சொல்லத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வருகிற வழியில் நெட்டுருப் போட்டுவிடு. அவளுக்குக் குரல் வராவிட்டால் பக்கத்தில் நின்று நீதான் பாட வேண்டும். அர்த்தம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் தந்தியை எதிர்பார்த்திருக்கும் அப்பா
சுப்பராயலு