மூன்றாம் மாடியில் போடாத கட்டில்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை கை அதற்கு ஒத்துக்கொள்ள மறுக்கிறது. வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. இப்போது அவர் பல் டாக்டரிடம் போயிருக்கிறார், திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதி நானே தபாலில் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தம்பி நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். அவன் மனைவிக்குத் தோளில் தையல் பிரித்தாகிவிட்டது, தழும்பு இருக்கும் என்றார்களாம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. முன்னேயெல்லாம் ஒரு சொட்டு விழுந்தால் போதும், உன் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், சரிசெய்கிறேன் என்று இன்னொன்றையும் கழற்றிப் போட்டு என் உயிரை வாங்குவார். இப்போது கீழே வாளி வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். போன வாரம் நம் கட்டடத்து லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேல்வீட்டு வக்கீல். அவர் மனைவி ஓடிவந்து நம் கதவைத் தட்டினாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கம்பி உரசுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவர், அவளிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இவர் வாயிலிருந்து தெரியாது என்கிற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நாலு மாடியையும் படியில்தான் ஏறி இறங்குகிறார், முட்டி வீங்கிக் கிடக்கிறது, சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. சாப்பாடு பாதிக்குப் பாதி. ஆள் இளைத்துவிட்டார், சட்டை தொங்குகிறது.

உன் தம்பி உனக்கு என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அப்பா தன் வேலையைக் காட்டாமல் சும்மா இருந்திருந்தால் அத்தை பிழைத்திருப்பாள் என்று சொல்லியிருப்பான், இங்கேயும் அவர் எதிரிலேயே சொன்னான். நீயும் போனில் கேட்டாய், யாருப்பா உங்களைக் கேட்டாங்க என்று. அப்பா எழுந்து போனாரே, அன்றிலிருந்துதான் இப்படி. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஆளைக் கொல்கிறீர்கள், மீதியை நான் வாயில் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இது.

நாங்கள் கடற்கரைக்குப் போய்த் தங்கிய அந்த விடுதியில் எங்களுக்குக் கொடுத்தது மூன்றாம் மாடி அறை, கடலைப் பார்த்து ஒரு சின்ன பால்கனி, இரண்டு நாற்காலி போட்டால் கால் நீட்ட இடமிருக்காது. எதிர் அறையில் தம்பியும் அவன் மனைவியும். அத்தைக்குச் சக்கர நாற்காலி என்பதால் தரைத்தளத்தில், வரவேற்பு மேஜைக்குப் பக்கத்து அறை. உனக்கே தெரியும், கல்யாணமாகி வந்த நாள் முதல் நானும் உன் அத்தையும் ஒரே கூரையின் கீழ்தான். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் இல்லையா, நான் பேசுவதில்கூடப் பிழை திருத்துவாள். கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், உன் அப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியதே அவள்தான், உங்கள் இருவரையும் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். ஆனாலும் நானும் அவரும் மட்டும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது இந்த வயதில் அந்த மூன்று நாள்தான். காலையில் பால்கனியில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் காப்பி குடித்தோம். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரொம்பப் பிடித்திருந்தது.

நாலாம் நாள் காலையில் புயல் திசைமாறி நேராக எங்கள் பக்கம் வருகிறது என்றார்கள். ஊருக்குள் போகிற பாலத்தை ஏழு மணிக்கே மூடிவிட்டார்கள், யாரும் கிளம்ப வழியில்லை. அப்பா கீழே போய் லிஃப்ட் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு எங்கே போனாலும் அதுதான் வேடிக்கை. அந்த நேரத்தில் மேனேஜர் என் கதவைத் தட்டினார். பாவம், ராத்திரியெல்லாம் தூங்காத கண். தரைத்தளத்தில் இருக்கிற எல்லோரையும் மேலே மாற்றுகிறோம், வேறு அறை காலியில்லை, உங்கள் அறையிலேயே அந்த அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை, பெரியவளே. அவங்களுக்குக் கீழதான் சௌகரியம், வரமாட்டாங்க என்று சொல்லிவிட்டேன். மழை பெய்யும், காற்றடிக்கும், சாயங்காலம் ஓய்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கடல் எழுந்து அறைக்குள் வரும் என்று யார் கண்டது. அவர் வேறு வேலை தலைக்குமேல் இருந்தவர், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து அப்பா வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, அக்காவை மேல கூட்டிட்டு வரலையா என்பதுதான். நான் அலமாரியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டாச்சு, கீழயே இருக்கேன்னுட்டாங்க என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. சரி என்றார். குழியில் தண்ணீர் இறங்கினால் லிஃப்ட்டே போய்விடும், யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் செத்தார்கள், அதை உச்சியில் நிறுத்தி மெயினை அணைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாவி வாங்கக் கீழே போனார். விடுதி எலெக்ட்ரீஷியன் முந்தின நாளே வீட்டுக்குப் போயிருந்தான், மேனேஜர் உன் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. லிஃப்ட்டை நாலாம் மாடிக்குக் கொண்டுபோய், மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயினை அணைத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். அவர் செய்தது சரி. அந்த வேலை தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஒரு மணிக்கு மேல் வானம் இருட்டி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத காற்று. இரண்டு மணி இருக்கும், கடல் தோட்டத்தைத் தாண்டி வந்துவிட்டது. நாங்கள் கீழே ஓடியபோது அத்தை அறையில் முழங்காலளவு தண்ணீர், அவள் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் அப்போதும் இருந்தது. அதுதான் கொடுமை. அப்பாவும் தம்பியும் லிஃப்ட்டைத் திரும்ப ஓட்டலாம் என்று மொட்டைமாடிக்கு ஓடினார்கள், காற்று வெளியிலிருந்து அழுத்துகிற வேகத்தில் அந்தக் கதவை ஒரு விரற்கடைகூடத் தள்ளமுடியவில்லை. அந்தக் கால் மணி நேரம் நானும் அத்தையும் மட்டும் கீழே இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள், "நான் வரமாட்டேன்னு சொன்னதா மேனேஜர் சொல்றாரும்மா. எப்ப சொன்னேன்னு அப்போலேர்ந்து யோசிச்சுப் பார்த்துட்டிருக்கேன்." நான் மறு கையால் அவள் புடவைத் தலைப்பைத் தண்ணீரில் படாமல் எடுத்துச் செருகினேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

சாப்பாட்டறை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முதல் மாடி திரும்புகிற இடத்தில் ஜன்னல் உடைந்து உள்ளே கொட்டியது, அதில்தான் தம்பி மனைவிக்குக் காயம். நாற்காலியை அங்கேயே இறக்கிவைத்து, அத்தைக்கு முன்னால் அப்பா நின்று மறைத்துக்கொண்டார், அப்படியும் அரைமணி நேரம் அந்த மழையில் நனைந்தாள். அவளுக்கு வழக்கமாக வருகிற மூச்சிழுப்பு ஆரம்பித்துவிட்டது. இழுப்பு மருந்து கீழே மேஜை டிராயரில், தண்ணீருக்குள். ஒருவழியாக மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்கவைத்தோம். தங்கியிருந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள், அவளால் ஆனதையெல்லாம் பார்த்தாள். ஐந்து மணிக்குப் போய்விட்டாள் உன் அத்தை. நினைவு இருந்தவரை தம்பியைப் பார், தம்பியைப் பார் என்று உன் அப்பாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொன்னதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாலம் திறக்கிறவரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் இன்னொரு கட்டில் தாராளமாகப் போட்டிருக்கலாம், நடப்பதற்கும் இடம் மிச்சமிருந்திருக்கும்.

உன் அப்பா லிஃப்ட்டை நிறுத்தியதால் அவள் சாகவில்லை. நான் வாயைத் திறந்ததால் செத்தாள். இதை நீ தம்பிக்கும் சொல். அப்பாவிடம் போனில் பேசும்போது குரலை மாற்றாமல் பேசு, பழையபடி உன் வீட்டில் எது ரிப்பேரோ அதை எப்படிச் சரிசெய்வது என்று கேள், அது போதும்.

உனக்குச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஒன்றும் குறையவில்லை. கூட இருக்கிறவரிடம் சொல்லத் துப்பில்லாமல் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவரோடு உட்கார்ந்து சாப்பிடவா? உன் விலாசத்தை அந்த ஊர் எழுத்தில் தப்பில்லாமல் எழுத அவருக்குத்தான் வரும். இதை ஒட்டாமல் கவரோடு மேஜைமேல் வைக்கப்போகிறேன். படித்துவிட்டு அனுப்புவார், இல்லை கிழித்துப் போடுவார். உன் கைக்கு வந்தால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

குளிர் ஆரம்பித்திருக்கும், தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ரத்தப் பரிசோதனைக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறாய், இந்த மாதம் கட்டாயம் போய்விட்டு வா. எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

அப்பா எழுதுவது. படித்தேன். படித்துவிட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன், இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு இன்றுதான் விலாசம் எழுதினேன். அன்றைக்குச் சாவி வாங்கப் போகும்போது அக்கா அறையைத் தாண்டித்தான் போனேன். கதவு திறந்திருந்தது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய்க் கேட்கவில்லை. உன் அம்மா சொன்னதை நம்பி அல்ல, கேட்டால் வருகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான். எனக்கும் அந்த மூன்று நாள் பிடித்திருந்தது. இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.