மாலக்கி மணியடித்தால் அமைச்சர் உட்காருவார்

பிப்ரவரி 8, சனி

முதலில் கண்ணில் பட்டது சபாநாயகரின் டீதான். ஆறிவிடாமல் இருக்கக் கோப்பையின் மேல் சாஸரைக் கவிழ்த்து வைத்திருந்தார். முகத்தைப் பார்க்கப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுக் கழுதை நான்.

டப்ளின் பாராளுமன்றத்துக்கே சபாநாயகர், எங்கள் தொகுதிக்காரர், மாலக்கி டூஹி. சனிக்கிழமைகளில் பப்பின் பின்னறையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் குறை கேட்பார். என் முறை வந்தது. வீட்டில் கெட்டிலிடம் பேசிப் பழகியதெல்லாம் போச்சு. "நல்ல மழை" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவின் உதவித்தொகைக்காகப் போய் வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 9

மழைக் கதை அப்பா காதுக்கும் எட்டிவிட்டது. சிரிப்பு மட்டும்.

பிப்ரவரி 15, சனி

மறுபடி போனேன்.

"மழைப் பொண்ணு! டோனால் கீவ்னி மகதானே நீ? இன்னைக்கு வெயிலடிக்குதே, என்ன பேசப் போற?"

அந்த எரிச்சலில் எல்லாம் கொட்டிவிட்டது. கூரை ஓடு மாற்றும்போது அப்பா விழுந்தது, முதுகு போனது, நான் பள்ளியை விட்டது, வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகையை மறுத்தது.

"அரசாங்க டாக்டர்கிட்ட அப்பா என்ன சொன்னார்?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்களாம். ஜம்முனு இருக்கேன், ஒரு குறையுமில்லன்னாராம்."

மாலக்கி தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த ஊர்ல சவப்பெட்டியத் திறந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவான்."

"நீங்க சபையில அமைச்சரைக் கேளுங்க."

"நான் மணியடிச்சா அமைச்சர் உட்காருவார். அவ்வளவுதாம்மா. சபாநாயகர் யார் பக்கமும் பேசக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. வாயைக் கட்டிக்கிட்டு சம்பளம் வாங்குறவன் நான்." மேல்முறையீட்டுக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். "நேர்ல விசாரிப்பாங்க. நீயும் கூடப் போ."

நாட்டில் இத்தனை பேர் இருக்க, பேசக் கூடாத ஒருவரிடம் போய், பேச வராத நான் சிபாரிசு கேட்டிருக்கிறேன். நல்ல ஜோடி.

ஏப்ரல் 30

சண்டை. விசாரணையில் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட போய் முனகச் சொல்றியா?"

"இதுவும் போனா வீட்டைக் காலி பண்ணணும்ப்பா. வாடகை எங்கேர்ந்து வரும்?"

"பேசத்தான் வரல, நீ பாடி சம்பாதிச்சுப் போடு."

நான் என்னதான் பண்றது? இவருக்கு முதுகு போச்சா, மூளை போச்சா? — இந்த வரியை அடிக்க வேண்டாம், இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

மே 22, வியாழன்

விசாரணை. அப்பா சவரம் செய்து, டை கட்டி, மாப்பிள்ளை மாதிரி வந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதிகாரி அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். "எப்படி இருக்கீங்க, மிஸ்டர் கீவ்னி?"

"ஜம்முனு இருக்கேன்மா. ஒரு குறையுமில்ல."

நாற்காலிப் பிடியில் அப்பாவின் விரல்கள் வெளுத்திருந்தன. அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "கூட வந்தவங்க ஏதாவது சொல்லணுமா?"

காது இரண்டும் கொதித்தன. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"காலையில அவருக்கு சாக்ஸ் போட்டுவிட்டது நான்."

"ஏய்" என்றார் அப்பா, மெதுவாக. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அடுத்துக் கால்சட்டைக்கு வந்தேன்.