காஞ்சனாக்கா வீட்டுக் கோடு

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலைக்கென்று திருத்தணிக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. மலை மறைப்பதால் இந்தத் தெருவுக்கு செல்போன் சிக்னல் ஒழுங்காக வராது. என் மாடிச் சுவரில் மாட்டியிருக்கும் பேனல், டவர் அலையை வாங்கித் தெருவுக்குள் திருப்பிவிடும். அலை சீராகப் போகிறதா என்று காட்டும் ஒரு கோட்டை நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முருகனைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். என்னைப் பார்க்கத்தான் நாதியில்லை.

செப்டம்பர் 12

எதிர்வீட்டில் ஆள் நடந்தால் கோடு ஆடுகிறது. தையல் மெஷினை மிதித்தால் பொடிப்பொடியாக நடுங்குகிறது. அங்கே இருப்பது காஞ்சனாக்கா - தனியாக இருந்து ரவிக்கை தைப்பவர். அலை சுவரையும் தாண்டிப் போகிறது போல, சுவர் இருந்தும் தெரிகிறதே! மேலதிகாரி சந்திரமோகனிடம் சொன்னேன். "படம் இல்ல, பேர் இல்ல, வெறும் கோடுதான. விடுங்க" என்றார்.

அதற்குமேல் நானும் பேசவில்லை. பேச மனமும் இல்லை. அக்கா நடமாடுவதைப் பார்த்தால்தான் எனக்கே பொழுது விடிகிறது.

செப்டம்பர் 17

அக்கா எழுந்தார். நானும் டீ போட்டேன்.

செப்டம்பர் 23

நேற்று முழுக்கக் கோட்டில் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் ஆட்டம். பதறிப்போனேன். இன்று தண்ணீர் லாரி அருகே அவரைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"நேத்து மெஷினே மிதிக்கலயேக்கா, நாள் பூரா படுத்திருந்தீங்களே, உடம்பு சரியில்லையா?"

"கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கினுதான இருந்தேன்... உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

சத்தம் கேட்கவில்லை, அதான் என்று உளறினேன். அவர் முகம் மாறிவிட்டது. பாதிக் குடத்தோடு போய்விட்டார்.

செப்டம்பர் 24

ஜன்னலில் போர்வையைக் கட்டியிருக்கிறார். போர்வைக்குப் பின்னால் நடப்பதும் கோட்டில் தெரிகிறது. ஐயோ, துணியால் இதை மறைக்க முடியாது என்று அவருக்கு யார் சொல்வது?

நாளைக்கு எவனாவது இந்தப் பேனலை ஹேக் செய்து கோட்டைப் பார்த்துவிட்டால்? எந்த வீடு காலி, எங்கே பொம்பளை தனியா இருக்கா, எல்லாம் தெரிஞ்சிடுமே. அவன் இருக்கட்டும், நான் செய்தது என்ன? துணையா? வேவுதானே.

செப்டம்பர் 25

போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"உள்ள நான் அழுதுகினு இருந்தாலும் தெரிஞ்சிருக்குமா?"

"அழறது தெரியாதுக்கா."

"ஆங். ஆனா பாத்துக்கினு இருந்த."

வீட்டுக்கு வந்ததும் பேனலை நிறுத்திவிட்டு சந்திரமோகனுக்கு போன் செய்தேன். திரும்பப் போட்டால் தெருவில் எல்லோரிடமும் சொல்வேன் என்றேன். வேலை போய்விடும் என்றார். போகட்டும் சார் என்றேன்.

அக்டோபர் 4

பேனலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழையபடி எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறார்கள். திட்டு எனக்குத்தான்.

அக்டோபர் 6

நாளை வீட்டைக் காலி செய்கிறேன். சொல்லிக்கொண்டு போகலாம் என்று காஞ்சனாக்கா கதவைத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். உள்ளே இருந்துகொண்டுதான் திறக்கவில்லையா, வெளியே எங்காவது போயிருக்கிறாரா? கொஞ்ச நேரம் நின்றேன். தெரியாமலே திரும்பி வந்தேன்.