தேநீர் மழை

கிலுங்கு மலை, கென்யா
29 செப்டம்பர் 1991

மூதிந்தாவின் அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வேலிக் கம்பத்தில் கட்டியிருக்கும் டப்பாவைப் போய்ப் பார்த்தேன். முகம்கூடக் கழுவவில்லை. உள்ளே ஒரு கட்டெறும்பு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

என்ன டப்பா என்று கேட்பீர்கள். இந்தத் தவணையில் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பாடம், மழை அளப்பது. ஆளுக்கொரு சமையல் கொழுப்பு டப்பா, அவரவர் வீட்டு வேலியில். தினமும் காலையில் ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை டப்பாவும் நோட்டும் வகுப்புக்கு வரும். மழை பெய்த ஒவ்வொரு நாளுக்கும் பிள்ளையின் பெயருக்கு நேரே சுவரில் ஒரு நீலக் காகிதத் துண்டை ஒட்டுவோம். முப்பத்தெட்டுப் பேருக்கும் சொல்லிவிட்டு நானும் ஒன்று கட்டினேன். பேச ஆளில்லாத வீட்டில், காலையில் போய்ப் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

மூதிந்தா விடுதியிலிருந்து எழுதியிருக்கிறான். கால் வளர்ந்துவிட்டதாம், காலணி கடிக்கிறதாம். கதவருகே இருக்கும் உங்கள் கறுப்புக் காலணியை அவனுக்கு அனுப்பலாமா?

உங்கள் கடைசிக் கடிதம் ஜூனில் வந்தது. ‘வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் வந்துவிடு, வீடு பார்த்துவைக்கிறேன்’ என்று எழுதியிருந்தீர்கள். ராஜினாமாக் கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல், இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் கிமேயு விடுவதாயில்லை. முந்தாநாள்கூடக் கேட்டார்: “என்ன மூதிந்தாம்மா, வீட்டுக்காரர் என்ன சொல்றார்? அடுத்த வருசம் இதே புள்ளைங்களை அஞ்சாம் வகுப்புக்கு நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல போட்ஸ்வானாவுக்குப் பறந்துடுவீங்களா? பட்டியல் அனுப்பணுமே.”

“உங்களைக் கேட்டதா எழுதியிருக்கார் சார்” என்றேன். அந்த ஜூன் கடிதத்தையே ஜூலையிலும் ஆகஸ்டிலும் புதிதாக வந்ததுபோலச் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்ல அதில் மிச்சம் ஒன்றுமில்லை. நவம்பர் நடுவில் பள்ளி மூடுகிறது. அதற்குள் ஒரு பதில் எழுதுங்கள்.

உங்கள்
கவூதா


பிரான்சிஸ்டவுன், போட்ஸ்வானா
20 அக்டோபர் 1991

அன்புள்ள கவூதா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீயும் மூதிந்தாவும் நலமாக இருப்பீர்கள். தேர்வு நேரம், தாள் திருத்தித் திருத்திக் கை வலிக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை.

இங்கே மழை தொடங்கிவிட்டது. நேற்றுக் கூரைத் தகரத்தில் கொட்டிய சத்தத்தில் வானொலியே கேட்கவில்லை. உன் டப்பா கதையைப் படித்துச் சிரித்தேன். நீ எப்போதும் பிள்ளைகளோடு பிள்ளைதான்.

இந்த ஊர்ச் சோளக்களி முதலில் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இப்போது வீட்டில் புளித்த பால் விட்டுக் கிண்டும் பக்குவம் பழகிவிட்டது. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறேன்.

ஜனவரியைப் பற்றி. பள்ளியில் கொடுத்திருக்கும் வீடு மிகவும் சிறியது. அவசரப்பட வேண்டாம், ஏப்ரலில் பார்க்கலாம். கிமேயுவுக்கு என் வணக்கத்தைச் சொல். மூதிந்தாவை நன்றாகப் படிக்கச் சொல்.

முசேம்பி


கிலுங்கு மலை
10 நவம்பர் 1991

மூதிந்தாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிமேயு சாரிடம் உங்கள் வணக்கத்தைச் சொன்னேன். இந்த முறை உண்மையாகவே.

இங்கே இன்னும் மழை இல்லை. வகுப்பில் ஒரு சங்கதி நடந்தது, அதை முதலில் சொல்கிறேன்.

சியோம்புவா என்று ஒரு பெண், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவள். மூன்று வாரமாக எல்லோர் டப்பாவும் காய்ந்து கிடக்க, இவள் நோட்டில் மட்டும் நான்கு, ஐந்து, மறுபடி நான்கு. சுவரில் அவள் வரிசை மட்டும் நீலம். ஒரு சரிவில் கொட்டிவிட்டு மறு சரிவை ஏமாற்றுவது இந்த மலையின் வழக்கம்தானே, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கிமேயு சார் அந்த நீலத்தை நம்பி, போன சனிக்கிழமை, அந்தப் பக்கம் மச்சான் நிலத்தில் விதைக்கலாமென்று தட்டைப்பயறு மூட்டையோடு மலை ஏறிப் போனார். புழுதியைப் பார்த்துவிட்டு அதே மூட்டையோடு இறங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக இருந்தது. துரு என்று நினைத்தேன். அடியில் தேயிலைத் தூள்.

பின்வரிசை முலி எட்டிப் பார்த்துவிட்டான். “டீச்சர், இவ வீட்டுல மட்டும் தேத்தண்ணி மழை பெய்யுது. சக்கரை போட்டுப் பெய்யுதான்னு கேளுங்க.”

“பால் இல்லாத மழைடா, அவங்க மாடு வத்திப்போச்சு” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே உருண்டு சிரித்தது. சியோம்புவா மட்டும் டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்திக் கேட்டேன். “ஏண்டி ஊத்தினே?”

“ஆத்துலேர்ந்து சுமந்துட்டு வர்ற தண்ணிய எடுத்தா அம்மா அடிப்பாங்க டீச்சர். தேத்தண்ணி என் பங்குதான்.”

“அதைக் கேக்கல. ஏன் ஊத்தினேன்னு கேட்டேன்.”

“சைபர்னு எழுதினா, நான் போய்ப் பாக்கவே இல்லைன்னு நெனைச்சுப்பீங்க. தெனமும் பாத்தேன் டீச்சர்.”

பெய்த நாளுக்கு நீலம் ஒட்டினேன். பார்த்த நாளுக்கு நான் எதையும் ஒட்டவில்லை. தவறு என்னுடையது.

நேற்றுத் தனியாகப் போய் வகுப்பறையைத் திறந்தேன். சியோம்புவாவின் நீலத் துண்டுகளை உரித்தேன். பிறகு எல்லோருடைய நோட்டையும் வைத்துக்கொண்டு, பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சைபர் வரைந்தேன். மாலைக்குள் சுவர் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மூன்று முறை படித்தேன். தேர்வு இருக்கிறது, மழை இருக்கிறது, ஏப்ரல் இருக்கிறது. அடியில் தேயிலைத் தூளும் தெரிகிறது. உங்களுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அந்தச் சின்ன வீட்டில் களி கிண்டுவது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. காலியாக அனுப்பினால் நான் தாங்கமாட்டேன் என்று கொஞ்சம் ஊற்றி அனுப்பியிருக்கிறீர்கள். கோபமில்லை. ஆனால் அதை மழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காலணியைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வருகிறேன். இன்று துடைத்து, மூதிந்தாவுக்கு அனுப்பக் கட்டிவிட்டேன்.

இழுப்பறையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்த வருடத்து மழைப் பட்டியலுக்கு அதில் கட்டம் போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டுப் பெயர்கள், கடைசியில் என் பெயர்.

நாளை காலை கிமேயு சாரிடம் சொல்ல வேண்டும், ஐந்தாம் வகுப்புக்கு நானே வருகிறேன் என்று. இதுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முதலில் எழுதுகிறேன், ஆனால் இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இன்று காலையும் டப்பாவைப் பார்த்தேன். சைபர். எழுதிவைத்தேன்.

கவூதா