வாப்பாவின் போனில் அனுப்பியது

வியாழக்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. விஞ்ஞான சேர் வகுப்பு வாட்ஸப்பில் தினமும் வீடியோ லிங்குகளை அள்ளிப் போடுகிறார். ஒன்றையும் அவர் பார்ப்பதில்லை. பாதி இந்தியப் பாடத்திட்டம். எங்கள் டேட்டாதான் முடிகிறது. எல்லாவற்றையும் நானே பார்த்து, எங்கள் இலங்கைப் பாடத்துக்கு உதவுகிறவற்றை மட்டும் பிரித்து இன்று குழுவில் போட்டேன். போன் வாப்பாவுடையது. அதனால் வாப்பாதான் பிழை பிடிக்கிறார் என்று சேர் நினைத்துவிட்டார்.

"நானா, மீன் புடிக்கிறது உங்கட வேல, படிப்பிக்கிறது எங்கட வேல. நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க, கதைப்போம்."

எல்லாரும் கேட்கக் குரல் பதிவு! அண்ணன்போல 'நானா' என்று கூப்பிட்டுவிட்டு வாப்பாவை அப்படிச் சொல்ல இவர் யார்?

வாப்பா கடலிலிருந்து விடியத்தான் வருவார். அந்தப் பதிவைக் கேட்டால் இனிப் போனைத் தொட விடமாட்டார். பயமாக இருக்கிறது. அனுப்பியதை அழிக்கப் போனேன். அதற்குக் கீழே என் வகுப்பு ரிஸ்னா எழுதியிருந்தாள்: "அங்கிள், இன்னும் போடுங்க."

அழிக்கவில்லை. அடுத்த பாடமான ஒளித்தெறிப்புக்கும் இரண்டு வீடியோ போட்டுவிட்டேன்.